ரோஜா அத்தர்: வாங்குவதற்கு முன்பும் பூசிய பின்பும்

நல்ல ரோஜா அத்தரை முதன்முறை முகர்கிறவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான். திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. அங்கிருந்த பெரியவர் கண்ணாடி மூடியின் முனையால் என் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். பன்னீர் ரோஜா மாலையை எதிர்பார்த்து மூக்கருகே கொண்டுபோனேன். வந்ததோ வெந்த இதழின் வாடை, கொஞ்சம் தேன், கொஞ்சம் மிளகுக் காரம், அடியில் ஈரமரம் போல ஏதோ ஒன்று. “இதுவா பாய் ரோஜா?” என்று கேட்டேன். “ஒரு மணி நேரம் கழித்துக் கையிடமே கேளுங்கள் தம்பி” என்றார். நான் வாங்காமல் கிளம்பிவிட்டேன். இரவு சாப்பிட உட்கார்ந்து கையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, அந்தக் கோடு இருந்த இடத்தில் ஒரு தோட்டமே உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். பெரியவர் எதுவும் சொல்லவில்லை, சிரித்தார்.

அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டத் தெரியாமல் நல்ல அத்தரை வேண்டாம் என்று வைத்துவிட்டு, சோப்பு மணம் வீசும் போலியைக் கூடுதல் விலைக்கு வாங்கி வருகிறவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். வரிசையாகச் செய்துபார்த்தால் பலன் உண்டு. அவசரக்காரர்கள் நான்காம் படியிலும் ஆறாம் படியிலும் மட்டுமாவது நின்று போகவும்.

படி 1: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கடையில் ‘ரோஸ் அத்தர்’ என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களில் எது வேண்டுமானாலும் உங்கள் கைக்கு வரலாம்.

முதலாவது, ரூஹ் குலாப். ரூஹ் என்றால் உயிர், குலாப் என்றால் ரோஜா. ரோஜா இதழையும் தண்ணீரையும் தவிர வேறெதுவும் சேராமல் வாலை வடித்து, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து எடுத்த தூய எண்ணெய் இது.

இரண்டாவது, அத்தர் குலாப். ரோஜாவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிப் பிடித்தது. மரபான அர்த்தத்தில் அத்தர் என்பது இதுதான். இதில் ரோஜா பாதி, சந்தனம் பாதி என்று நினைக்க வேண்டாம். எடையில் பெரும்பங்கு சந்தனம்தான். ரோஜா அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, தொழிற்சாலையில் செய்த மணப்பொருளை மணமில்லாத எண்ணெயில் கலந்தது. கடைகளில் மிக அதிகமாக விற்பது இதுவே. இது விஷமும் இல்லை, குற்றமும் இல்லை. அப்படிச் சொல்லியே விற்றால் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. திருநாளில் நூறு பேருக்குப் பூசிவிட அதுவே போதும். சந்தன விலை சொல்லி இதை விற்கும்போதுதான் வழக்கு வருகிறது.

‘இத்ர்’ என்ற அரபுச் சொல்லுக்கு நறுமணம் என்பது பொருள். ‘அத்தார்’ என்றால் நறுமணம் விற்பவர். பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாரின் பெயரே அவர் செய்த தொழிலிலிருந்து வந்தது. நாம் தமிழில் சரக்கையும் வியாபாரியையும் ஒரே குடுவையில் ஊற்றி அத்தர் என்று சொல்லிவருகிறோம்.

படி 2: அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று தானாக விலகிவிடும். அதனால் இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

உத்தரப் பிரதேசத்தில், கங்கைச் சமவெளியில் இருக்கிறது கன்னோஜ். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் ஆண்ட தலைநகரம், நம் வரலாற்றுப் பாடநூல்களின் கன்னோசி. இன்று அதன் பெயர் அத்தரோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. ‘கன்னோஜ் பெர்ஃப்யூம்’ 2014-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே காய்ச்சப்படும் ரோஜாவில் பெரும்பகுதி ஹாத்ரஸ், அலிகர் வட்டாரங்களில் விளையும் டமாஸ்க் ரோஜா. மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் அதன் உச்சப் பருவம். விடியும் முன்பே பறித்தாக வேண்டும், வெயில் ஏற ஏற இதழிலுள்ள எண்ணெய் பறந்துகொண்டே இருக்கும்.

பறித்த பூ ‘தேக்’ என்ற பெரிய செம்புப் பாத்திரத்துக்குள் போகிறது. பிரியாணிக் கடையில் நாம் தேக்சா என்கிறோமே, அதன் உறவுக்காரப் பெயர்தான் இது. செய்முறையும் உறவுதான். பூவும் தண்ணீரும் போட்டு மூடி, மூடியைச் சுற்றிக் களிமண்ணும் பஞ்சும் குழைத்து அடைக்கிறார்கள். தம் போடுவதற்கு மாவு ஒட்டுவது போலவே. மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று இறங்கும். அதன் மறுமுனை ‘பப்கா’ என்னும் நீண்ட கழுத்துள்ள செம்புக் குடுவைக்குள் நுழையும். குடுவை தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும். அதற்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் காத்திருக்கும்.

அடியில் விறகும் வறட்டியும் எரிகின்றன. மரபான பட்டறையில் வெப்பமானியைத் தேட வேண்டாம். வேலை தெரிந்தவர் தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுப் பப்காவின் வயிற்றைத் தடவிப் பார்த்தே எவ்வளவு ஆவி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். தீ கூடினால் இதழ் கருகி வாடை ஏறும், குறைந்தால் ஆவி இறங்காது. சில மணி நேரம் கழித்துத் தீயைத் தணித்து, குடுவையை ஆறவைக்கிறார்கள். ஆறியதும் தண்ணீர் கீழேயும் எண்ணெய் மேலேயும் பிரிந்து நிற்கும். அடியிலுள்ள சிறு துளையைத் திறந்து தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, எண்ணெயைக் குடுவையிலேயே விட்டுவைப்பார்கள். வடித்த தண்ணீரையும் கொட்டுவதில்லை. அது மறுநாள் பூவோடு மீண்டும் தேக்கில் ஏறும்.

மறுநாள் புதிய பூ, அதே சந்தன எண்ணெய். அதற்கு மறுநாளும் அப்படியே. சந்தனம் போதுமென்று சொல்லும் வரை, பல நாள்கள் இதே வேலை. கடைசியில் எஞ்சியிருக்கும் ஈரத்தைப் போக்க அத்தரைத் தோல் குப்பியில் ஊற்றி வைப்பது பழைய வழக்கம். தோலின் நுண்துளை வழியாக நீர் கசிந்து வெளியேறும், எண்ணெய் உள்ளே தங்கும். கண்ணாடிக் குப்பி செய்யாத வேலை அது.

இந்தக் கதையில் தெற்குக்கும் பங்கு உண்டு. சந்தனம் வடக்கே விளையும் மரம் அல்ல. மைசூர்க் காடுகளிலும் நம் ஜவ்வாது மலையிலும் சத்தியமங்கலத்திலும் வளர்ந்த மரம் அது. கன்னோஜின் ரோஜா ஏறி உட்காரும் நாற்காலி தென்னாட்டுக் கட்டை என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். சந்தனம் அருகி விலை ஏறிய பிறகு பல பட்டறைகள் அந்த நாற்காலியை மாற்றிவிட்டன. டி.ஓ.பி. போன்ற மணமற்ற கரைப்பான்களும் திரவப் பாரஃபினும் சந்தன எண்ணெயின் இடத்துக்கு வந்தன. பூ அசல், தேக் அசல், அடித்தளம் மட்டும் வேறு. இப்படியும் ஒரு வகை சந்தையில் உண்டு என்பது நினைவிருக்கட்டும். பெயரும் செய்முறையும் அதேதான் இருக்கும், ஆயுள் மட்டும் குறைந்திருக்கும்.

முகலாயர் பக்கத்திலிருந்தும் ஒரு செய்தி. ரோஜா எண்ணெயைக் கண்டுபிடித்தவர் நூர்ஜஹான் என்று பலரும் சொல்வார்கள். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் அந்தப் பெருமையைக் கொடுப்பது நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகத்துக்கு. பன்னீர் காய்ச்சியபோது பாத்திரத்தில் சூடாக ஊற்றிய நீரின் மேல் படிந்த ஏடு போன்ற படலத்தை அவர் சிறிது சிறிதாகச் சேர்த்தாராம். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்தால் சபை முழுவதும் ரோஜா மொட்டுகள் ஒரே நேரத்தில் விரிந்தது போல் இருக்கும் என்று ஜஹாங்கீர் எழுதுகிறார். மாமியாருக்கு முத்து மாலையைப் பரிசளித்த மன்னர், அந்த மணத்துக்குத் தன் பெயரே சூட்டப்பட்டதையும் மறக்காமல் குறித்துவைத்திருக்கிறார்.

படி 3: முதல் முகர்வில் ஏன் ஏமாறுகிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்

செடியில் இருக்கும் பூவின் மணத்தில் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. மென்மையான, இனிப்பான, ‘ரோஜா’ என்றதும் நம் நினைவுக்கு வரும் வாசனை. இது தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே வாலை வடிக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்ப் பன்னீரில் தங்கிவிடுகிறது. எண்ணெயில் மேலோங்கி நிற்பவை சிட்ரோனெல்லால், ஜெரானியால், நெரால் போன்றவை. எலுமிச்சைச் சாயலும் பச்சிலைச் சாயலும் அவற்றிலிருந்து வருகின்றன. கிராம்பை நினைவூட்டும் யூஜெனால் சிறிதளவு இருக்கும். டமாஸ்செனோன் என்ற பொருள் ஒரு சதவீதத்துக்கும் வெகு குறைவு. ஆனாலும் தேனும் பழமும் கலந்த அந்த ஆழம் அதிலிருந்துதான் பெருமளவு வருகிறது.

கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பால் தெளிக்கப்பட்டு வளர்ந்த மூக்கு நம்முடையது. பனிநீர்தான் பன்னீர் ஆயிற்று என்பார்கள். பூவுக்கும் அந்த நீரின் பெயரையே வைத்து, பன்னீர் ரோஜா என்று அழைக்கும் அளவுக்கு அந்த மணம் நமக்குப் பழக்கம். நாம் ரோஜா என்று மனத்தில் வைத்திருப்பது தண்ணீரோடு போன பாதியை. அத்தரில் இருப்பது எண்ணெயோடு தங்கிய மறுபாதி.

ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்யலாம். எனவே முதல் முகர்வில் அசலைவிடப் போலிதான் அதிகம் ‘ரோஜா’வாக இருக்கும். கடையில் மூன்று விநாடி முகர்ந்து முடிவெடுக்கிறவர் போலியைத் தேர்ந்தெடுப்பது மூக்கின் பிழையல்ல. கேட்ட கேள்விக்கு மூக்கு சரியான விடையைத்தான் சொல்கிறது. கேள்விதான் தப்பு.

படி 4: கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள்

மூக்கு ஏமாறலாம், பெருக்கல் வாய்ப்பாடு ஏமாறாது.

ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறக்குறைய 4,000 கிலோ பூ வேண்டும். பூவையும் ஊரையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அப்படியானால் 10 கிராம் ரூஹ் குலாபுக்கு 40 கிலோ பூ. பூ விலையைக் கிலோ 100 ரூபாய் என்று தாராளமாகக் குறைத்தே வைத்துக்கொண்டாலும், பூவுக்கு மட்டும் 4,000 ரூபாய். விறகு, கூலி, செம்பு, வியாபாரியின் லாபம் எல்லாம் இதற்கு மேல். ‘சுத்தமான ரூஹ் குலாப், 12 மில்லி, 500 ரூபாய்’ என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் அந்த வாசகத்தில் உண்மையாக இருக்கக்கூடியது 12 மில்லி மட்டும்தான்.

அத்தர் குலாபுக்கும் இதே கணக்கு வேலை செய்யும். இந்தியச் சந்தன எண்ணெயின் விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. லட்சம் என்றே வைத்துக்கொண்டால் ஒரு கிராம் 100 ரூபாய். அத்தர் வியாபாரத்தின் பழைய அளவு தோலா, அதாவது 11.66 கிராம். ஆக, ஒரு தோலா அத்தரின் அடித்தளத்துக்கே ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், ரோஜா இன்னும் ஏறவேயில்லை. இதைவிடக் குறைந்த விலைக்குச் ‘சந்தன அடித்தளம்’ என்று யாராவது சத்தியம் செய்தால் சத்தியத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

விலை அதிகம் என்பதால் அசல் என்றும் ஆகிவிடாது. இந்தக் கணக்கு பொய்யைக் கழித்துக் காட்டும், அவ்வளவுதான். மெய்யை உறுதிசெய்ய மூக்கும் நேரமும் வேண்டும்.

படி 5: எந்த ஊர் ரோஜா என்று முடிவுசெய்யுங்கள்

முதல் குப்பி வாங்குகிறவருக்கு என் பரிந்துரை கன்னோஜின் அத்தர் குலாப்தான். சந்தனம் கூடவே இருப்பதால் ரோஜாவின் கூர்மை மழுங்கி, பழகுவதற்கு இலகுவாக இருக்கும். விலையும் ரூஹைவிடக் கைக்கு எட்டும்.

சவூதி அரேபியாவின் தாயிஃப் ரோஜாவுக்குத் தனிக் கூட்டம் உண்டு. மலைமேட்டு ஊர் அது. அங்கும் டமாஸ்க் ரோஜாதான், முப்பது இதழ் ரோஜா என்று சொல்வார்கள். மணத்தில் காரமும் எலுமிச்சையும் தூக்கலாக இருக்கும், கொஞ்சம் தேயிலையின் ஞாபகமும் வரும். தாயிஃப் ரோஜாவைச் சுற்றிய பண்பாட்டு வழக்கங்களை யுனெஸ்கோ 2024-இல் தன் பட்டியலில் சேர்த்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் குப்பிகளில் இந்தப் பெயர் அடிக்கடி தென்படும். பெயர் அடிக்கடி தென்படுவதாலேயே எண்ணெயும் அடிக்கடி உள்ளே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கு, துருக்கியின் இஸ்பார்டா இரண்டும் உலக வாசனைத் தொழிலுக்கு ரோஜா எண்ணெய் கொடுக்கும் இடங்கள். அங்கிருந்து வருவது சந்தனம் சேராத தூய எண்ணெய், ரூஹ் வகையைச் சேர்ந்தது. தேன் சாயல் கூடுதல். நேரடியாகப் பூசுவதைவிட, நீங்களே சந்தன எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டுக் கலந்து பார்க்க ஏற்றது.

படி 6: கடையிலும் வீட்டிலும் சோதியுங்கள்

மணம் எதுவும் பூசாமல், காலை நேரத்தில், வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். பசித்த மூக்குக்கு இனிப்பெல்லாம் நல்லதாகவே படும். ஒரு நாளில் மூன்று குப்பிகளுக்கு மேல் முகர வேண்டாம். நடுவில் முகரச் சில கடைகளில் காப்பிக் கொட்டை வைத்திருப்பார்கள். உங்கள் சட்டைக் கையின் உட்புறத்தை முகர்ந்தாலே போதும், மூக்குக்குப் பழகிய மணம் அதுதான்.

முதலில் கண்ணால் பாருங்கள். அசல் ரோஜா எண்ணெய் இளமஞ்சள், சில சமயம் பச்சை கலந்த மஞ்சள். சந்தனம் சேர்ந்த அத்தர் இளம்பொன் நிறத்தில் இருக்கும். ரோஜா நிறத்திலோ சிவப்பாகவோ இருந்தால் அது சாயம், பூவின் நிறம் வாலையில் ஏறி வராது. இதைத் தெரியாத காலத்தில் ஒரு கடையில் அழகான சிவப்புக் குப்பி ஒன்றை வாங்கி, தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று வெள்ளைச் சட்டைக் காலரில் பூசிக்கொண்டேன். வெற்றிலை துப்பியது யார் என்று மாமா பந்தி முடியும் வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, குப்பியின் வாயில் மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கையில் தோலின் மீதும், ஒரு பருத்தித் துணித் துண்டின் மீதும் ஒரு புள்ளி வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு சோதனை முடிவுதான்.

பிறகு ஒரு தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டு முகருங்கள். முதல் கால் மணி நேரம் கரடுமுரடாக இருக்கும். எலுமிச்சை, பச்சிலை, வெந்த இதழ், சில நேரம் லேசான புகை. தேக்கில் வடித்த அத்தருக்கு இந்தப் புகைச் சாயல் குலமுத்திரை போல. ஒரு மணி நேரத்தில் முள் உதிர்ந்து பூ விரியும், தேனும் மிளகும் சமநிலைக்கு வரும். நான்கைந்து மணி நேரத்தில் ரோஜா மெல்லப் பின்வாங்க, சந்தனத்தின் பாலேறிய மணம் முன்னால் வரும். மறுநாள் காலை துணித்துண்டில் சந்தனமும், அதன் இடுக்கில் உலர்ந்த இதழ் ஒன்றிரண்டும் மிஞ்சியிருக்கும்.

போலியின் வரைபடம் வேறு. முதல் நிமிடத்தில் சோப்பு, ஆறு மணி நேரம் கழித்தும் அதே சோப்பு. அல்லது முதல் நிமிடத்தில் பூந்தோட்டம், இரண்டு மணி நேரத்தில் ஒன்றுமில்லாத பிசுபிசுப்பு. தேர்ந்த கைகள் செயற்கைப் பொருள்களைக் கொண்டே படிப்படியாக விரியும் மணத்தைச் செய்துவிட முடியும், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தத் திறமையுள்ளவர்கள் பெரும்பாலும் அதைத் தங்கள் பெயரிலேயே விற்பார்கள்.

தண்ணீரில் சொட்டுவிட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது, தாளில் எண்ணெய்க் கறை பார்ப்பது, தீயில் காட்டுவது எல்லாம் இணையத்தில் பரவிய வித்தைகள். பெரும்பாலான எண்ணெய்கள் மிதக்கத்தான் செய்யும். சந்தனம் மெதுவாகப் பறக்கும் எண்ணெய், அதனால் அசல் அத்தரும் தாளில் நாள் கணக்கில் கறையாக இருக்கும். ஒரே ஒரு வீட்டுச் சோதனைக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, அதுவும் ரூஹ் குலாபுக்கு மட்டும். ரோஜா எண்ணெயில் இயற்கையான மெழுகு உண்டு. 20 டிகிரி செல்சியஸை ஒட்டி அது ஊசி ஊசியாக உறையத் தொடங்கும், கையில் பிடித்துச் சூடேற்றினால் கரையும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தும் சிறிதுகூட உறையாத ரூஹைச் சந்தேகிக்கலாம். உறைந்ததாலேயே நம்பிவிடவும் கூடாது. மெழுகு சேர்த்து உறைய வைக்கும் தந்திரம் மிகப் பழையது. பெரிய தொகைக்கு வாங்குவதாக இருந்தால் ஆய்வகச் சோதனைதான் வழி. கன்னோஜில் 1991 முதல் இயங்கிவரும் நறுமண மற்றும் சுவைப்பொருள் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களில் அதற்கான வசதி உண்டு.

முதல் தடவை 3 மில்லிக் குப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால் தோலா. தினமும் பூசினாலும் மாதக்கணக்கில் வரும்.

படி 7: பூசும் முறை

புதிய அத்தர் எதுவானாலும் முழங்கையின் உட்புறம் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள். ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்றவை இயற்கையானவைதான். ஆனாலும் சிலருடைய தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். இயற்கை என்ற சொல் தோலுக்குத் தெரியாது. குழந்தைகளுக்குப் பூச வேண்டாம். ரூஹை நேரடியாகத் தோலில் தடவாமல் சந்தன எண்ணெயிலோ வேறு மென்மையான எண்ணெயிலோ கலந்தே பயன்படுத்துங்கள். பூசுவதற்கென்று விற்கும் அத்தரைப் பாயசத்திலும் பிரியாணியிலும் விடாதீர்கள். சமையலுக்கு உண்ணத் தகுந்த பன்னீர் தனியாகக் கிடைக்கிறது.

குளித்துத் துடைத்தவுடன், உடம்பில் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போது பூசினால் மணம் நன்றாகப் பிடிக்கும். மணிக்கட்டு, காதின் பின்புறம், தொண்டைக் குழி. மூன்றில் இரண்டு போதும். மணிக்கட்டோடு மணிக்கட்டை அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை, தொட்டு எடுத்தால் போதும். தாடி உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டம், முடி மணத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். பழைய ஆட்கள் ஒரு துளிப் பஞ்சில் அத்தரைத் தோய்த்துக் காதுமடலின் மடிப்பில் செருகிக்கொள்வார்கள். சட்டையில் கறை படாது, தோலும் எரியாது, நாள் முழுக்கத் தலை திரும்பும்போதெல்லாம் ஒரு சிறு அலை வரும். எனக்கு மிகப் பிடித்த முறை இதுதான். அலுவலகத்தில் இரண்டொருவர் காதில் வலியா என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஆல்கஹால் சேர்ந்த ஸ்பிரே அறைக்குள் உங்களுக்கு முன்னால் நுழையும். அத்தர் அப்படியில்லை, அருகில் வருகிறவருக்கு மட்டும் தெரியும். அதனால் எனக்கே மணம் வரவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் மறுபடி பூசிவிடாதீர்கள். உங்கள் மூக்கு பழகிவிட்டது, பக்கத்து இருக்கைக்காரரின் மூக்கு பழகவில்லை. நெரிசலான பஸ்ஸில் மூச்சுத்திணறல் உள்ளவர்களும் பயணம் செய்கிறார்கள்.

வட இந்தியாவில் ரோஜா, வெட்டிவேர், மண்வாசனை அத்தர்களைக் கோடைக்கும், ஷமாமா போன்ற கனத்த அத்தர்களைக் குளிர்காலத்துக்கும் ஒதுக்குவார்கள். நமக்கு ஆண்டில் பெரும்பகுதி கோடை என்பதால் ரோஜாவுக்குப் பருவம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் வியர்வையின் மேல் பூசினால் புளித்த வாடை வரும். நண்பகலில் துணியின் உள்மடிப்பில், மாலையில் குளித்த பிறகு தோலில் என்பது என் பழக்கம். வெள்ளைத் துணியில் எதையும் நேரடியாக வைக்க மாட்டேன். காரணத்தை மேலே சொல்லியாகிவிட்டது.

படி 8: ஜோடி சேர்ப்பது

தனி ரோஜாவில் இரண்டு மாதம் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். ரோஜாவோடு ஊது, அதாவது அகில் மர எண்ணெய் சேர்வது அரபு நாடுகளின் பெருவழக்கு, ஒன்றின் இனிப்பை மற்றதன் கசப்பு தாங்கிப் பிடிக்கும். முதலில் ஊதைப் பூசி, பத்து நிமிடம் பொறுத்து, அதன் மேல் ரோஜாவை வையுங்கள். வெட்டிவேர் அத்தரோடு சேர்த்தால் நனைந்த பந்தலின் கீழ் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மல்லிகையோடு சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் பேசுகிற அத்தைகள்.

படி 9: காத்துவைப்பது

வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் பகை. அடர்நிறக் கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி, அலமாரியின் உட்புறம். குளியலறையும் ஜன்னல் திண்டும் காரின் முன்பலகையும் கூடாது. பிளாஸ்டிக் குப்பியில் வந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். பெரிய குப்பியில் பாதி தீர்ந்ததும் மீதியைச் சிறிய குப்பிக்கு மாற்றினால் உள்ளே இருக்கும் காற்று குறையும். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சந்தன அடித்தளமுள்ள அத்தர் ஆண்டுகள் ஏற ஏறக் கனிந்துவரும், ரோஜாவின் மேல்வீச்சு மட்டும் சற்றுத் தணியும். பாரஃபின் அடித்தளமுள்ளதைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை, பூசித் தீர்த்துவிடுங்கள்.

தீர்ந்த குப்பியைக் கழுவ வேண்டாம். மூடியைத் திறந்து, ஒரு துணியில் சுற்றி, பட்டுப் புடவை அடுக்கின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த அடுக்கைத் திறக்கும்போதெல்லாம், நான் முதலில் வாங்கிய அந்த 3 மில்லி இன்னும் தீரவில்லை.